கடைசிப் பெயருக்கு ஒரு கரண்டி

மொத்தம் 17,000 மதிப்பெண். முதலாவதாக வந்தவர் எடுத்தது 7,634. இரண்டாமவர் 4,123. பட்டியலில் கடைசியாக நின்றவர் 237.

1860களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வில் விழுந்த மதிப்பெண்கள் இவை. யாருக்கு எத்தனை என்று பல்கலைக்கழகம் வெளியே சொல்வதில்லை. முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர்வரை வரிசைப்படுத்தி அறிவிக்கும், அவ்வளவுதான். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆய்வாளர் இந்த எண்களைத் தேடிப் பெற்று, 1869இல் வந்த ‘ஹெரிடிட்டரி ஜீனியஸ்’ என்ற தன் நூலில் அச்சிட்டார். கடைசியானவர் எடுத்ததைப்போல 32 மடங்குக்கும் மேல் முதலாமவர் எடுத்திருக்கிறார் என்று கணக்கும் போட்டுக் காட்டினார்.

இப்படி முதலில் வருபவருக்கு ‘சீனியர் ராங்லர்’ என்ற பெயரும் நாடறிந்த புகழும் கிடைக்கும். கடைசியில் வருபவருக்கு உடன் படித்த மாணவர்கள் ஒரு மரக் கரண்டியைப் பரிசளிப்பார்கள். மரத்தில் செய்த, கையில் பிடிக்கக்கூடிய, உண்மையான கரண்டி.

பட்டமளிப்பு நடப்பது செனட் ஹவுஸ் என்ற மண்டபத்தில். ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1730இல் திறக்கப்பட்ட கட்டடம் அது. பட்டம் வாங்க வருபவர் துணைவேந்தர்முன் மண்டியிட்டுத் தன் கூப்பிய கைகளை அவருடைய கைகளுக்குள் வைக்க வேண்டும். இன்றும் அதுதான் முறை. கடைசிப் பெயருக்குரியவர் மண்டியிடும் நேரம் பார்த்து, மேல்மாடத்தில் கூடியிருக்கும் மாணவர்கள் கயிற்றில் கட்டிய கரண்டியை அவர் தலைக்குமேல் இறக்கி ஆட்டுவார்கள். மண்டபம் சிரிப்பில் அதிரும். அன்றிலிருந்து அவர் பெயரே ‘மரக் கரண்டி’ ஆகிவிடும்.

இன்று ஆங்கிலத்தில் ‘வுடன் ஸ்பூன்’ என்றால் எந்தப் போட்டியிலும் கடைசி இடம். நம் கிரிக்கெட் வர்ணனையாளர்களும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது: உழைக்காதவன், படிப்பில் மனம் வைக்காதவன், சோம்பேறி. கரண்டி பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் இந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு தவறான ஆளின்மேல் விழுந்தது என்பது விளங்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கதை ஒரு முக்காலியிலிருந்து தொடங்குகிறது. பழைய கேம்பிரிட்ஜில் எழுத்துத் தேர்வு கிடையாது. மாணவன் ஒரு கருத்தை லத்தீனில் நிறுவ வேண்டும். எதிரில் நிற்பவர்கள் அதை லத்தீனில் உடைக்கப் பார்ப்பார்கள். வாதத்தில் வல்லவனே ‘ராங்லர்’, அதாவது வாதாடி. பட்டமளிப்பு வாதங்களின்போது ஒரு மூத்த பட்டதாரி மூன்றுகால் முக்காலியில் உட்கார்ந்து புது மாணவர்களோடு வாதம் செய்வார். இடையிடையே கேலியும் பேசுவார். உட்கார்ந்த முக்காலியை வைத்து அவருக்கே ‘டிரைபாஸ்’ என்று பெயர் வந்தது. பிறகு அந்த நாளுக்காக எழுதி வினியோகித்த வேடிக்கைச் செய்யுள்களுக்கு அந்தப் பெயர் போயிற்று. 18ஆம் நூற்றாண்டின் நடுவில், செய்யுள் அச்சிட்ட தாளின் பின்பக்கத்தில் தேர்ச்சி பெற்றவர்களின் வரிசையை அச்சிடத் தொடங்கினார்கள். பெயர் அந்த வரிசைக்குத் தாவி, கடைசியில் தேர்வுக்கே நிலைத்துவிட்டது. கேம்பிரிட்ஜின் பட்டத் தேர்வுகளுக்கு இன்றும் டிரைபாஸ் என்றே பெயர்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தத் தாளின் பின்பக்கம். வாய்மொழி வாதம் நடந்த காலத்தில் யார் சிறந்தவர் என்பது பார்த்தவர்களின் பேச்சில் இருந்தது. பேச்சு நாளடைவில் மங்கிவிடும். அச்சில் ஏறிய வரிசை மங்காது. முதல் பெயர் என்று ஒன்று அச்சானால் கடைசிப் பெயர் என்றும் ஒன்று அச்சாகியே தீரும். வரிசையைச் சீனியர் ராங்லருக்காகத்தான் அச்சிட்டார்கள். கடைசி மனிதன் தாளின் அடியில் தானாக வந்து நின்றான். அவனை விரலால் சுட்ட ஒரு பொருள் தேவைப்பட்டது. மாணவர்கள் கரண்டியைக் கண்டெடுத்தார்கள். 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வழக்கம் வேரூன்றிவிட்டது. 1803இல் அச்சான கேம்பிரிட்ஜ் மாணவர் பேச்சு அகராதி ஒன்றில் இது பதிவாகியிருக்கிறது.

1805இல் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்த கவிஞர் பைரன், ‘டான் ஜுவான்’ காவியத்தின் மூன்றாம் காண்டத்தில் மரக் கரண்டியைக் குறிப்பிடுகிறார். பைரன் எந்தத் தேர்வும் எழுதவில்லை. பிரபு குடும்பத்தவருக்கு அன்றிருந்த சலுகையில் 1808இல் நேரடியாக எம்.ஏ. பட்டம் வாங்கிக்கொண்டார். அவருக்கு யாரும் கரண்டி ஆட்டவில்லை. கிங்ஸ் கல்லூரி மாணவர்களுக்கோ 1851வரை பல்கலைக்கழகத் தேர்வு எழுதாமலே பட்டம் பெறும் உரிமை இருந்தது. அவர்களுக்கும் கரண்டி கிடையாது.

கரண்டி யாருக்குக் கிடைத்தது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜில் இரண்டு வகைப் பட்டம். ஆனர்ஸ் ஒன்று, சாதாரணப் பட்டம் ஒன்று. ஆனர்ஸில் மூன்று வகுப்பு: ராங்லர், சீனியர் ஆப்டிமே, ஜூனியர் ஆப்டிமே. இந்த மூன்றாம் வகுப்பில் கடைசியாக நின்றவருக்கே மரக் கரண்டி. முதல் வகுப்பின் கடைசி ஆளைத் தங்கக் கரண்டி என்றும் இரண்டாம் வகுப்பின் கடைசி ஆளை வெள்ளிக் கரண்டி என்றும் சொல்வதுண்டு. 1860களில் ஆண்டுக்குச் சுமார் 400 பேர் பட்டத்துக்கு நின்றார்கள். ஆனர்ஸ் வாங்கியவர்கள் ஏறக்குறைய 100 பேர். மீதி 300 பேர் சாதாரணப் பட்டத்தோடு போனவர்கள். அவர்களுக்கு ‘போல் மென்’ என்று பெயர். கிரேக்கத்தில் ‘பலர்’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அதாவது, மரக் கரண்டி வாங்கியவருக்குக் கீழே 300 பேர் இருந்தார்கள். அந்த 300 பேரில் பெரும்பாலோர் கடினமான கணிதத் தேர்வின் பக்கமே போகாதவர்கள். படிப்பில் அக்கறை இல்லாதவன் என்று எவரையாவது சொல்ல வேண்டுமானால் அங்கேதான் தேட வேண்டும். சிரிப்போ அவர்களைத் தொடவில்லை. அவர்களிலும் அடியில் வரும் பன்னிரண்டு பேரைப் ‘பன்னிரு அப்போஸ்தலர்’ என்று கூட்டமாகக் கிண்டல் செய்ததோடு சரி. தனியாகக் குறிவைக்கப்பட்டவர் கடினமானதை எழுதத் துணிந்து, கரையேறியும் விட்ட ஒருவர்தான்.

அது எவ்வளவு கடினம்? 1854ஆம் ஆண்டுத் தேர்வில் 16 வினாத்தாள்கள். எட்டு நாள், மொத்தம் நாற்பத்து நாலரை மணி நேரம், 211 கேள்விகள். நடந்தது ஜனவரிக் குளிரில். எவராலும் எல்லாவற்றையும் எழுத முடியாது. முடியக் கூடாது என்றே அமைத்த தாள்கள். 7,634 எடுத்த மேதையே மொத்தத்தில் பாதியைத் தொடவில்லை என்பதை மறந்துவிட்டு 237ஐப் பார்த்தால் அந்த எண் நம்மை ஏமாற்றும். அந்த 1854இல் முதலிடம் எட்வர்ட் ரவுத்துக்கு. இரண்டாமிடம் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லுக்கு. மின்காந்தத்தின் சமன்பாடுகளைத் தந்த மேக்ஸ்வெல்தான். ரவுத் பிற்பாடு தனிப்பயிற்சி ஆசிரியராகி 20க்கும் மேற்பட்ட சீனியர் ராங்லர்களை உருவாக்கினார். நல்ல பயிற்சியாளரிடம் பணம் கட்டிச் சேராமல் மேல் வரிசைக்குப் போவது அரிதாயிற்று. இன்றைய நம் கோச்சிங் சென்டர்களின் கதையை அன்றைக்கே கேம்பிரிட்ஜ் வாழ்ந்து பார்த்திருக்கிறது.

கரண்டி வாங்கியவர்கள் எல்லோரும் கணிதத்தை விரும்பி வந்தவர்கள் அல்லர். கிரேக்கம், லத்தீன் இலக்கியத்துக்கென்று ஒரு டிரைபாஸ் 1824இல்தான் ஏற்பட்டது. அதை எழுத வேண்டுமானால் முதலில் கணிதத்தில் ஆனர்ஸ் வாங்கியிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். இலக்கியத்தில் ஊறிய மாணவன் கணித வரிசையின் கடைசி இடமாவது கிடைக்காதா என்று தவித்து உழைத்த நிலை அந்த நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நீடித்தது. அப்படிப்பட்டவனுக்குக் கடைசி இடம் என்பது விருப்பப் படிப்பின் வாசல் திறந்ததாகும்.

அந்த வாசல்கூடத் திறக்காத ஒருவரை நமக்கெல்லாம் தெரியும். தாமஸ் பாபிங்டன் மெக்காலே. டிரினிட்டியில் படித்து, கவிதைக்கும் பேச்சுக்கும் பேர் வாங்கியவர். கணிதத்தை வெறுத்தவர். 1822ஆம் ஆண்டு ஆனர்ஸ் வரிசையில் அவர் பெயரே இல்லை. ஆனர்ஸ் எட்டாமல், சாதாரணப் பட்டம் மட்டும் தரப்படுபவர்களைப் ‘பள்ளத்தில் விழுந்தவர்கள்’ என்பார்கள். மெக்காலே அதில் விழுந்தார். மரக் கரண்டிக்கும் கீழே. 1835இல் இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வழி வகுத்த குறிப்பை எழுதியவர் இவரே. 1854இல் இந்திய சிவில் சர்வீசுக்குச் சிபாரிசு முறையை ஒழித்துப் போட்டித் தேர்வு வைக்க வேண்டும் என்று அறிக்கை தந்த குழுவின் தலைவரும் இவரே. தேர்வில் தோற்ற மனிதர் தேர்வின்மேல் நம்பிக்கை இழக்கவில்லை என்பது என்னை வெகுவாக யோசிக்க வைக்கிறது. ஆனால் சிவில் சர்வீஸ் தேர்வுக்கு அவர் குழு வகுத்த முறையில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது: கணிதம், இலக்கியம், மொழிகள் எனப் பல பாடங்கள், விண்ணப்பிப்பவர் தனக்கு வருவதை எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைப் பாடத்தால் ஒருவரை அளப்பதன் வலி அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

1824இன் முதல் இலக்கிய டிரைபாஸுக்கும் ஒரு கடைசிப் பெயர் உண்டல்லவா? அது ஹென்ஸ்லி வெட்ஜ்வுட். புகழ்பெற்ற பீங்கான் தொழில் குடும்பத்துப் பிள்ளை. கணிதத் தேர்வில் நல்ல இடம் வாங்கியவர். இலக்கியப் பட்டியலின் கடைசியில் நின்றதால், கணிதத்தின் மரக் கரண்டிக்கு இணையாக அவருடைய குடும்பப் பெயரையே முறித்து, ‘மர ஆப்பு’ என்று ஒரு பட்டத்தை உண்டாக்கினார்கள். வெட்ஜ் என்றால் ஆப்பு, வுட் என்றால் மரம். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் இலக்கியத் தேர்வில் கடைசியில் வந்தவருக்கெல்லாம் அவருடைய பெயரே பட்டமாகப் போயிற்று. மொழித் தேர்வின் கடைசி மனிதர் என்று முத்திரை குத்தப்பட்ட இந்த வெட்ஜ்வுட், பின்னாளில் சொற்களின் வேர் தேடுவதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். 1859 முதல் அவருடைய ஆங்கிலச் சொற்பிறப்பியல் அகராதி தொகுதி தொகுதியாக வந்தது.

அவருடைய அத்தை மகன் ஒருவர் சில ஆண்டுகள் கழித்து அதே கேம்பிரிட்ஜில், கிரைஸ்ட்ஸ் கல்லூரியில் படித்தார். வண்டு பிடிப்பதிலும் தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவோடு நடப்பதிலும் பொழுதைக் கழித்தார். ஆனர்ஸ் எழுத முயலவே இல்லை. 1831 ஜனவரியில் சாதாரணப் பட்டத் தேர்வெழுதி, 178 பேரில் பத்தாவதாக வந்தார். அந்த ஆண்டு இறுதியில் ‘பீகிள்’ கப்பலில் ஏறினார். சார்லஸ் டார்வின். பின்னர் தன் தாய்மாமன் மகளும் ஹென்ஸ்லியின் தங்கையுமான எம்மாவை மணந்தார்; நம் ஊர் முறைப்படியும் அது முறைப்பெண் கல்யாணம். டார்வினுக்கு அத்தை மகன் முறையில் இன்னொருவர் உண்டு. கட்டுரையின் தொடக்கத்தில் 32 மடங்கு கணக்குப் போட்ட பிரான்சிஸ் கால்டன்தான் அவர். டிரினிட்டியில் ஆனர்ஸ் எழுதும் ஆசையோடு உழைத்து, நரம்புத் தளர்ச்சியால் உடைந்து, சாதாரணப் பட்டத்தோடு வெளியேறியவர் அவர்.

ஒரே உறவு வட்டத்தில் மூன்று பேர். ஒருவர் மர ஆப்பு. இரண்டு பேர் மரக் கரண்டிக்கும் கீழே உள்ள கூட்டத்தில். அவர்களில் ஒருவர் உயிர்களைப் பற்றிய மனிதகுலத்தின் எண்ணத்தையே மாற்றினார். இன்னொருவர், தன்னை உடைத்த அதே தேர்வின் எண்களை எடுத்து, அறிவு பிறப்பிலேயே வருவது, அதன் அளவுக்கு மேல் எவ்வளவு உழைத்தாலும் ஏற முடியாது என்று வாதிட்டார். கால்டன் புள்ளியியலுக்குச் செய்த பணி பெரியது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் இந்த வாதத்தில் அவர் தவறினார். 237 என்ற எண்ணுக்குப் பின்னால் யார் இருந்தார், அவர் கணிதத்தை விரும்பி வந்தாரா, பயிற்சியாளருக்குக் கட்டப் பணம் இருந்ததா, உடம்பு சரியாக இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தகுதியும் அனுபவமும் உள்ளவர் அவரே.

கரண்டி வளர்ந்தது. கையளவு இருந்தது முழ நீளமாகி, பிற்காலத்தில் ஐந்தடிவரை போயிற்று. கல்லூரி முத்திரை பொறித்து, வண்ணம் தீட்டி, வரவேற்பறையில் மாட்டி வைக்கும்படிச் செய்தார்கள். மண்டபத்தில் கயிறு கட்டி ஆட்டுவதை 1875இல் பல்கலைக்கழகம் வெளிப்படையாகத் தடை செய்தது. கரண்டி அதனால் ஒழியவில்லை. அமெரிக்காவில் யேல் கல்லூரி மாணவர்கள் இதே வழக்கத்தை எடுத்துக்கொண்டு, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தலைகீழாக்கினார்கள். அங்கே மரக் கரண்டி வகுப்பிலேயே எல்லோருக்கும் பிடித்த மாணவனுக்கு, வாக்கெடுத்துத் தரும் மரியாதையாக மாறியது. அதைப் பெறுவதற்குப் போட்டி இருந்தது.

அதே செனட் ஹவுஸ் மேல்மாடம் வேறொன்றையும் செய்தது. பெண்களுக்குப் பட்டம் தராத காலம் அது. 1880இல் கர்ட்டன் கல்லூரியின் சார்லட் ஸ்காட் ஆண்களுக்கான அதே தேர்வை எழுதி, எட்டாம் ராங்லருக்குச் சமமான இடம் பெற்றார். அறிவிக்கும் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. எட்டாம் இடத்துக்கு ஓர் ஆணின் பெயர் வாசிக்கப்படும்போது, மாணவர்கள் அந்தப் பெயர் கேட்காதபடி ‘ஸ்காட் ஆஃப் கர்ட்டன்’ என்று கூவினார்கள். பத்தாண்டு கழித்து, 1890இல், பிலிப்பா ஃபாசெட் சீனியர் ராங்லருக்கும் மேலே வந்தார். பட்டம் அவருக்கும் இல்லை. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் தந்தது 1948இல். பட்டியலின் அநியாயத்தை மாணவர்கள் அறியாதவர்கள் அல்லர் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்தியர்களுக்கும் அந்த வரிசை பெரிய விஷயமாக இருந்தது. 1874இல் ஆனந்தமோகன் போஸ் முதல் இந்திய ராங்லர் ஆனார். 1899இல் ஆர்.பி. பராஞ்சபே சீனியர் ராங்லர் இடத்தைப் பகிர்ந்துகொண்டபோது நாடே கொண்டாடியது. ‘ராங்லர் பராஞ்சபே’ என்பதே அவர் பெயராயிற்று.

வரிசையை எதிர்த்தவர்கள் அதில் மேலே நின்றவர்களே. 1898இல் நான்காம் ராங்லராக வந்த ஜி.எச். ஹார்டி அவர்களில் முக்கியமானவர். குறிப்பிட்ட நேரத்துக்குள் தந்திரமாகக் கணக்குப் போடுவதற்குத்தான் இந்தத் தேர்வு பழக்குகிறது, கணிதம் என்றால் என்ன என்பதையே மாணவன் தெரிந்துகொள்வதில்லை என்பது அவர் கோபம். ஐரோப்பாவின் பிற நாடுகளில் கணிதம் வேகமாக முன்னேற, இங்கிலாந்து பின்தங்கியதற்கு டிரைபாஸையே காரணமாக்கினார். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் நீண்ட விவாதம் நடந்து, சீர்திருத்தம் நிறைவேறியது. வரிசைப்படி அறிவித்த கடைசி ஆண்டு 1909. கடைசி சீனியர் ராங்லர் பெர்சி டேனியல். தொகைநுண்கணிதத்தில் அவர் பெயரில் ஒரு முறையே உண்டு.

கடைசி மரக் கரண்டி கத்பர்ட் லெம்பிரியர் ஹோல்ட்ஹவுஸ் என்பவருக்குப் போனது. செயின்ட் ஜான்ஸ் கல்லூரி மாணவர். அந்தக் கல்லூரியின் லேடி மார்கரெட் படகுக் குழுவில் துடுப்பு வலித்தவர். அதனால் கரண்டியின் காம்பைத் துடுப்பு வடிவிலேயே செய்தார்கள். இதுவே கடைசி, பார்ப்பவர்கள் கண்ணீர் விடலாம் என்ற பொருளில் கிரேக்கத்தில் ஒரு வாசகமும் எழுதினார்கள். கரண்டி செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் இருக்கிறது. 1910 முதல் ஒவ்வொரு வகுப்பிலும் பெயர்கள் அகர வரிசையில் வந்தன. கடைசி எழுத்தில் பெயர் தொடங்குபவர் கடைசியில் நிற்பார், அவ்வளவே.

சில ஆண்டுகள் கழித்து, 1913இன் தொடக்கத்தில், ஹார்டிக்குச் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் துறைமுகக் கழக எழுத்தர். கும்பகோணம் அரசு கல்லூரியில் கணிதத்தைத் தவிர வேறு பாடங்களைக் கவனிக்காததால் உதவித்தொகையை இழந்தவர். பிறகு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். கல்லூரித் தேர்வின் அளவுகோலில் ‘படிக்காத பையன்’. சீனிவாச ராமானுஜன். டிரைபாஸ் முறையை நம்பிய ஒருவர் கையில் அந்தக் கடிதம் கிடைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் தேர்வு வரிசை கணிதத்தின் அளவல்ல என்று பத்தாண்டாக வாதாடிய மனிதர் அதைப் பிரித்தார் என்பது நடந்த உண்மை. ராமானுஜன் 1914இல் டிரினிட்டிக்குப் போனார். டிரைபாஸ் எழுதவில்லை. ஆய்வின் பேரில் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் பெற்றார். செனட் ஹவுஸ் வாசலில் பட்ட உடையில் மற்றவர்களோடு அவர் நிற்கும் படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கல்லூரியில் வேலை போன கரண்டி விளையாட்டில் வேலை தேடிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரிட்டன் நாடுகளுக்கிடையிலான ரக்பி தொடரில் கடைசியில் வரும் அணிக்கு இந்தப் பெயர் வந்துவிட்டது. 1983இல் டப்ளினில் இங்கிலாந்து தோற்றபோது, அயர்லாந்து ரசிகர்கள் இங்கிலாந்து ரசிகர்கள் சிலருக்கு ஒரு மரக் கரண்டியைப் பரிசளித்தார்கள். வாங்கியவர்கள் அதை வைத்து ஒரு கோல்ஃப் போட்டி நடத்திப் பணம் திரட்டி, உடற்குறை உள்ள குழந்தைகளின் பள்ளிக்கு வண்டி வாங்கித் தந்தார்கள். அதிலிருந்து ‘வுடன் ஸ்பூன்’ என்ற பெயரிலேயே ஓர் அறக்கட்டளை வளர்ந்து நிற்கிறது. 2025 ஐ.பி.எல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் முதல்முறையாகப் பட்டியலின் அடியில் முடித்தபோது நம் செய்திகளிலும் கரண்டி வந்தது. விளையாட்டில் இது பெரிய காயம் இல்லை. பத்து அணிகள் களமிறங்கினால் ஒன்று பத்தாவதாக வந்தே ஆக வேண்டும். அடுத்த ஆண்டு கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இருபது வயதில் ஒருவன் பெயரோடு ஒட்டிய கரண்டி அப்படிப் போய்விடுவதில்லை.

கேம்பிரிட்ஜ் தன் பட்டியலிலிருந்து முதலிடத்தை முழுக்க அழித்துவிடவில்லை. அகர வரிசையில் பெயர்களை வாசிக்கும் தேர்வாளர், முதலிடம் பெற்றவரின் பெயர் வரும்போது தன் தொப்பியைச் சற்றே உயர்த்துவது நெடுநாள் வழக்கம். கடைசி இடத்தைத்தான் எடுத்துவிட்டார்கள். 2017இல் தமிழக அரசு பொதுத் தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது வேறு முனையிலிருந்து வந்த சீர்திருத்தம். முதல் மூன்று இடங்கள் செய்தித்தாள்களின் முதல் பக்கத்திலிருந்து போயின. நல்ல முடிவுதான். ஆனால் வகுப்பறைக்குள் கடைசி இடம் அப்படியே இருக்கிறது. மாதத் தேர்வு விடைத்தாளை அதிக மதிப்பெண்ணிலிருந்து குறைந்த மதிப்பெண்ணாக அடுக்கி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கொடுக்கும் வழக்கம் நம் பள்ளிகள் பலவற்றில் இன்றும் உண்டு. கட்டு மெலிய மெலியப் பின்பெஞ்சு பிள்ளைகளின் முகம் என்ன ஆகிறது என்பதை எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார். அந்தக் கட்டை வருகைப் பதிவேட்டின் வரிசையில் அடுக்கிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அதற்கு அரசாணை எதுவும் வர வேண்டியதில்லை.